அத்தை ரூமில் வை

எங்கள் வீட்டில் ஒரு பொருளை என்ன செய்வது என்று தெரியாவிட்டால் அதற்கு ஒரே பதில்தான் உண்டு: அத்தை ரூமில் வை. ஓடாத மின்விசிறி, கைப்பிடி போன சூட்கேஸ், யாரோ கல்யாணப் பரிசாகக் கொடுத்து யாருமே பிரிக்காத கண்ணாடிக் கோப்பைகள், எல்லாவற்றுக்கும் அதுதான் போக்கிடம். பேசப் பழகிய வயதில் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி இந்த மூன்று வார்த்தைகளைத்தான் நான் கற்றுக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அத்தை என்றால் அப்பாவுடைய ஒரே தங்கை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு அப்பா ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார்: "அமையல." அமைவதற்கு அவர் எத்தனை படி ஏறி இறங்கினார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வீடு தாத்தா கட்டியது. அண்ணனுக்கும் தங்கைக்கும் பொது என்றுதான் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதை நான் இங்கே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் வீட்டில் அதை யாரும் வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை. பொதுவான அந்த வீட்டில் அத்தையின் பங்குக்கு வந்தது எட்டடிக்கு ஒன்பதடியில் ஒரு படுக்கையறை. அதற்கு ஒரு கதவு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். நடைபாதையில் போகிறவர்களின் செருப்புச் சத்தம் உள்ளே கேட்கும், அவ்வளவு பக்கம்.

செருப்புச் சத்தம் அத்தைக்கு ஒன்றும் புதிதல்ல. முப்பத்தொரு வருஷம் ஒரு செருப்புக் கடையின் பரணில் வேலை பார்த்தவள். கடைக்குள் போனால் நமக்குத் தெரிவது கண்ணாடி அலமாரியும் சிவப்பு ரெக்ஸின் போட்ட குட்டை நாற்காலிகளும்தான். தலைக்கு மேல் இன்னொரு தளம் இருப்பது தெரியாது. நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். சுவரோடு சுவராக நாலாயிரம் அட்டைப் பெட்டி. நடுவில் ஒரு சதுர ஓட்டை. கீழே விற்பனைப் பையன், "நானூத்திப் பன்னெண்டு, பிரவுன், ஏழு" என்று கத்துவான். அவன் வாயை மூடுவதற்குள் பெட்டி ஓட்டை வழியாக அவன் கையில் விழ வேண்டும். கடையில் அவளுக்குப் பெயரே 'பரண் அக்கா'தான். முதலாளிக்கே அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும் என்று அத்தையே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அந்தப் பரணில் மூன்று சட்டம். ஒன்றுக்குப் பின்னால் ஒன்றை வைக்கக் கூடாது, வைத்தால் பின்னால் இருப்பது கண்ணில் படாமல் செத்த சரக்கு ஆகிவிடும். அடிக்கடி கேட்கிற நம்பர் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், கேட்காதது உச்சியில். மூன்றாவதுதான் முக்கியம்: காலி இடம் தெரியக் கூடாது. ஒரு பெட்டி கீழே போனதும் அந்த இடத்தில் இன்னொன்றைத் தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் மேல் அடுக்கு சாய்ந்து மொத்தமும் ஓட்டை வழியாகக் கடைக்குள் கொட்டிவிடும். அத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு தடவை அப்படிக் கொட்டி, யாரோ ஒரு வாடிக்கையாளரின் மூக்குக் கண்ணாடி உடைந்து, முதலாளி எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினாராம். அதற்குப் பிறகு அவள் கை எந்தக் காலி இடத்தையும் சும்மா விட்டதில்லை.

அந்தக் கையோடுதான் தன் அறையையும் அடுக்கினாள். கட்டில் கால் நாலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தி, அடியில் இரண்டு வரிசை அட்டைப் பெட்டி. கதவுக்கு மேலே சுவருக்குச் சுவர் ஒரு பலகை. கதவின் பின்பக்கம் ஆணி அடித்துத் துணிப்பை வரிசை. சூட்கேஸுக்குள் சூட்கேஸ், அதற்குள் போர்வை. ஒவ்வொன்றின் முகப்பிலும் கடையில் ஒட்டுவதுபோல ஒரு காகிதம், யாருடையது, என்ன, எத்தனை என்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்டதை எடுத்துக் கொடுப்பாள். அம்மாவைப் பார்க்க வருகிற பெண்கள் அந்த அறையை ஏதோ கண்காட்சி மாதிரி எட்டிப் பார்த்து, இத்தனூண்டு இடத்தில் இவ்வளவா என்று வாயைப் பிளந்துவிட்டுப் போவார்கள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது, என்னவோ அவளே அடுக்கினதைப்போல.

ஒவ்வொரு பாராட்டுக்கும் பின்னால் ஒரு பெட்டி வந்தது. ஒருத்தி சிரமமே தெரியாமல் வேலை செய்தால் அது வேலையே இல்லை என்று எங்கள் வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். அப்பாவின் பழைய மோட்டார் சாமான்கள் வந்தன. அம்மாவின் பிரிக்காத பரிசுகளும், ஆள் கூடினால் மட்டும் எடுக்கிற பெரிய பாத்திரங்களும் வந்தன. தம்பி மூன்று நாள் மிதித்துவிட்டு மறந்துபோன உடற்பயிற்சி சைக்கிள் வந்தது. நான் கல்யாணமாகிப் போகும்போது என் கல்லூரிப் புத்தகங்களை மூன்று பெட்டியில் கட்டி வைத்துவிட்டுப் போனேன். அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அது பதினோரு வருஷத்துக்கு முந்தைய அடுத்த தடவை.

பரண் சட்டம் அந்த அறையிலும் செல்லுபடியானது. நாங்கள் அடிக்கடி கேட்பவை இடுப்பு உயரத்தில் இருந்தன. அத்தையின் துணிகளை யாரும் கேட்பதில்லை என்பதால் அவை கதவுக்கு மேலே, உச்சிப் பலகையில். தினமும் காலையில் முக்காலி போட்டு ஏறி உடுத்த வேண்டியதை எடுப்பாள். ஐம்பத்தைந்து வயதில். நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, "ஜாக்கிரதை அத்தை" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். என் அக்கறை அந்தளவுக்கு இருந்தது.

ஜன்னல் எப்போது மூடிப்போனது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே நாளில் மூடவில்லை. முதலில் ஜன்னல் விளிம்பு வரைக்கும் அட்டைப் பெட்டி. பிறகு அதன்மேல் பாத்திர மூட்டை. பிறகு சைக்கிள் வந்து குறுக்கே நின்றது, ஜன்னல் கதவைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அத்தை மின்விளக்கைப் போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் பரணில் விளக்கு, வீட்டுக்கு வந்தால் இங்கேயும் விளக்கு.

அவளுக்கென்று ஓர் ஆசை இருந்தது. அதை என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாள், நான் கல்லூரியில் படிக்கும்போது. அத்தனை வருஷமாக நம்பரைக் கேட்டுப் பெட்டியைப் போட்டிருக்கிறாள், அந்தச் செருப்பை ஒரு காலில்கூடப் பார்த்ததில்லை. அவள் பரணில் ஏறும்போது கடை திறந்திருக்காது, இறங்கும்போது ஷட்டர் பாதி சாத்தியிருக்கும். "வேலைய விட்டதும் ஜன்னலாண்ட ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்து போறவங்க கால பாக்கணும் பாப்பா. நான் போட்ட ஏழு நம்பரு எங்க நடந்து போவுதுன்னு பாக்கணும்" என்றாள். நான் சிரித்தேன். இதெல்லாம் ஒரு ஆசையா என்று இருந்தது.

போன வருஷம் கடையை விட்டு நின்றாள். என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டிருக்கிறார். சுவர்க் கடிகாரம் வாங்கித் தர மனதுக்குள் முடிவு செய்துவிட்டு ஒப்புக்குக் கேட்ட கேள்விதான். இவள், கீழே வாடிக்கையாளர் உட்கார்ந்து செருப்புப் போட்டுப் பார்க்கிற சிவப்பு நாற்காலியில் ஒன்று வேண்டும் என்றிருக்கிறாள். கை வைக்காத, குட்டையான, இரும்புக் கால் நாற்காலி. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதில் உட்கார்ந்ததில்லை. கடை வேன் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. நாற்காலி வாசல் வரை வந்தது, அறைக்குள் வரவில்லை. கதவே ஒன்றரை அடிக்கு மேல் திறக்காதபோது நாற்காலி எப்படி நுழையும்?

ஒரு மாதம் அது வெளியே நடையில் கிடந்தது. அப்பா அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். அம்மா அதன்மேல் தண்ணீர் கேனை வைத்தாள். நான் விடுமுறைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சாப்பிட்டு எழுந்திருக்கும் நேரத்தில் அத்தை தொண்டையைச் செருமினாள். அவள் ஒன்று கேட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதனால் எல்லாரும் நின்றோம்.

"ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டா போதும் அண்ணா. நான் அளந்து பாத்துட்டேன். ரெண்டடி கெடைச்சா ஜன்னல தெறந்து நாற்காலியப் போட்டுக்குவேன்."

அப்பா, மோட்டார் சாமானை வெளியே வைத்தால் துருப்பிடித்துவிடும் என்றார். துருப்பிடிக்க இன்னும் அதில் என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா, மேல் அலமாரியெல்லாம் நிரம்பி வழிகிறது, ஊசி குத்த இடமில்லை என்றாள். அதில் பாதி காலிப் பிளாஸ்டிக் டப்பா. தம்பி, சைக்கிளை அடுத்த மாதத்திலிருந்து கண்டிப்பாக மிதிக்கப்போகிறேன் என்று வாய் கூசாமல் சொன்னான். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வீடு சின்னது அத்தை, அடுத்த தடவை வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். என் வீட்டில் இடம் இருந்தது. சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் அந்த மூன்று பெட்டியும் தாராளமாக நிற்கும். பார்வைக்கு நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

அத்தை சரி என்று தலையாட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அப்பா ஒரு சமாதானம் சொன்னார்: "உன்னால முடியாததா? நீ பாத்து எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்குவ." எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அவள் எப்படியாவது அட்ஜஸ்ட் செய்தாள். அடுத்த வாரம் அம்மா போன் செய்து, உன் அத்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, கட்டிலைக் கழற்றிப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள், பார்ப்பவர்கள் நாம் கட்டில்கூடத் தராமல் வைத்திருக்கிறோம் என்று பேச மாட்டார்களா என்று ஒரு மூச்சுப் புலம்பினாள். எனக்கு விளங்கச் சற்று நேரமானது. அத்தை அந்த அறை முழுவதும் ஒவ்வொரு காகிதமாகப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் எங்கள் பெயர். பெயர் எழுதாமல், அவளுடையது என்று அங்கே இருந்த பெரிய சாமான் கட்டில் ஒன்றுதான். இடம் வேண்டுமென்றால் தன்னுடையதைத்தானே எடுக்க முடியும்?

கட்டில் போனதும் அடியில் இருந்த பெட்டிகளைச் சுவரோரம் ஏற்றினாள். சைக்கிளைச் சாய்த்துப் பலகையில் தொங்கவிட்டாள். ஜன்னல் திறந்தது. நாற்காலி உள்ளே போனது. இரவில் படுக்க நடுவில் ஒரு மெத்தை விரிக்கும் அளவு தரை இருந்தது. காலையில் சுருட்டி வைத்துவிடுவாள். அந்தப் பத்து நாளும் அவள் குரலில் அப்படி ஒரு துள்ளல். போன் செய்தால் என் நலம்கூடக் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஒன்பது போட வேண்டியவர், எட்டைப் போட்டுக்கொண்டு நொண்டுகிறார். பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை தினமும் குதிகாலை மடக்கி மிதித்துப் போகிறது, அந்த ஷூ நாலு மாதம் தாங்காது. அவளுடைய கடைச் சரக்கையும் இரண்டு தடவை பார்த்துவிட்டாளாம். "நானூத்திப் பன்னெண்டு பாப்பா. நானே போட்டதா இருக்கும்."

பதினோராவது நாள் தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஊருக்குள்ளேயே அவன் தனியாக இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தான். இரண்டு கதவு வைத்த இரும்பு அலமாரி ஒன்று, எங்கே வைப்பது என்ற கேள்வி. அப்பா அத்தை அறையை எட்டிப் பார்த்தார். மெத்தை சுருட்டியிருந்தது, நடுவில் தரை தெரிந்தது. பகலில் சும்மாதானே கிடக்கிறது என்றார். ஆறே மாதம், பிறகு அவன் எடுத்துக்கொள்வான் என்றார். அத்தை என்ன சொன்னாள் என்று அம்மாவிடம் பிறகு கேட்டேன். "அலமாரிய எந்தப் பக்கம் திருப்பி வெச்சா கதவு தெறக்கும்னு அவதான் காட்டிக் குடுத்தா" என்றாள்.

அலமாரி வந்த கதை எனக்குத் தெரிந்தது நான்கு மாதம் கழித்து, நேரில் போனபோதுதான். போனது அத்தையைப் பார்க்க இல்லை. என் மகன் வளர்ந்துவிட்டான், அவனுடைய மடக்குத் தொட்டில் என் வீட்டில் வரவேற்பறையில் நின்று கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. மடக்கி, அட்டையில் சுற்றி, கயிறு கட்டி எடுத்துப் போனேன். கணவர் காரை வாசலிலேயே நிறுத்திக்கொண்டு, சீக்கிரம் வா என்றார். கூடத்தில் அம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருப்பதைப் பார்த்தாள், என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

"அத்தை ரூம்ல வை."

கதவு ஒரு சாண்தான் திறந்தது. உடம்பை ஒருக்களித்து நுழைந்தேன். எதிரே இரும்பு அலமாரியின் முதுகு. அதற்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நகர்ந்தால் ஜன்னலுக்குப் போகலாம். அங்கே சிவப்பு நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தாள். சுருட்டிய மெத்தை அலமாரியின் உச்சியில் இருந்தது. தரை என்று ஒன்று தெரியவில்லை. அவள் கால் இரண்டும் ஓர் அட்டைப் பெட்டியின்மேல் இருந்தன. கணுக்கால் எது, பாதம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வீக்கம். தோல் மினுமினுத்தது. பெட்டியின் முகப்பில் அவளுடைய கையெழுத்து: பாப்பா, புத்தகம், ஒன்று.

"அந்தப் பொண்ணப் பாரு. அஞ்சு போடற காலு, ஆறப் போட்டிருக்கு. வீட்ல வேற யாரோடதோ" என்றாள், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தெருவைப் பார்த்தபடி.

"எங்க அத்தை படுக்கற?"

"இங்கதான்."

"இந்த நாற்காலியிலயா? எத்தன நாளா?"

டாக்டர் காலைத் தொங்கவிடக் கூடாது, உயரத்தில் வைக்க வேண்டும் என்றாராம். "உன் பெட்டி சரியான ஒசரம்" என்றாள். ஹாலில் வந்து படுக்கச் சொல்லி அண்ணியும் அண்ணனும் கூப்பிடத்தான் செய்தார்கள் என்று அவர்களை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். அப்புறம் ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"ஒரு நாளு ஹால்ல படுத்தேன்னு வெச்சுக்க, மறுநாளு இது ரூமே இல்ல, சாமான் வெக்கிற எடம். நான் உள்ள இருக்கற வரைக்கும்தான் இது என் ரூமு."

எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது. அப்பாமேல், அம்மாமேல், தம்பிமேல், அவன் எடுக்கப்போகாத அந்த அலமாரிமேல் பற்றிக்கொண்டு வந்தது கோபம். புத்தகத்தை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகிறேன் அத்தை, மூன்று பெட்டியையும், கார் வாசலில்தான் நிற்கிறது என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன். அதை அவள் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அவள் பார்வை என் கையில் இருந்தது.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல. தொட்டில். வேணாம் அத்தை, நான் திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

"உன் வீட்ல எங்க வெப்ப? குடு இங்க."

வீங்கிய கால்களைக் கையால் பிடித்து ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினாள். குனிந்து, நாற்காலிக்கு அடியில் சாண் போட்டு அளந்தாள். ஒரு சாண், நாலு விரல். என் கையில் இருந்த தொட்டில் கட்டையும் அதே முறையில் அளந்தாள். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. பரணில் சரியான பெட்டி கைக்கு அகப்பட்டால் இப்படித்தான் இருந்திருப்பாள் போலிருக்கிறது. அந்த அறையில் மிச்சம் இருந்த ஒரே காலி இடம் அதுதான். கால் வலி தாங்காதபோது பின்னால் மடக்கி வைத்துக்கொள்ள அவளுக்கு இருந்த இடமும் அதுதான். அது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"போவும். குடு" என்றாள்.

வெளியே என் கணவர் ஹாரன் அடித்தார். நான் கொடுத்தேன்.

உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள், தொட்டில் அளவெடுத்துச் செய்ததுபோல உள்ளே போய் உட்கார்ந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து பேனாவை எடுத்து, கட்டின்மேல் என் பெயரை எழுதினாள். பிறகு கால்களை மறுபடி தூக்கிப் புத்தகப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் அத்தை காலை எங்கே வைப்பாள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். மற்ற இரண்டு பெட்டிகளுக்கு எந்த நியாயமும் தேடவில்லை. அலமாரியின் முதுகை உரசிக்கொண்டு வெளியே வந்து, கையை வீசிக்கொண்டு போய்க் காரில் ஏறினேன். நடைபாதையைக் கடக்கும்போது அவள் என் காலைப் பார்த்திருப்பாள்.